ஒன்றரைக் கல் சுவர்

தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரியில் நான் வரைந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பல வருஷங்கள் சுற்றுவழியில் போயிருக்கிறேன். ரயிலேற வேண்டுமென்றால் முன்வாசலை விட்டுவிட்டுப் பார்சல்கள் இறக்குகிற பக்கமாக நுழைவேன். "என்னத்துக்கு இப்படிச் சுத்தி வளைக்கறேள்? வண்டி போயிடுமாக்கும்" என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். இந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்று ஏதாவது சொல்லிவைப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. சென்னையில் எஞ்சினியரிங் படித்துவிட்டுக் சொந்த ஊரான கரமனைக்குத் திரும்பியிருந்தேன். வஞ்சியூரில் ஒரு மாடியில், ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற ஆபீஸ் நடத்திவந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆபீஸில் பாரக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். கம்பிக் கான்கிரீட் அப்போது இந்த ஊருக்குப் புதுசு. கல்லும் மரமும் ஓடும் தெரிந்த மேஸ்திரிகள் நிறைய இருந்தார்கள். கம்பியை எங்கே போடவேண்டும், ஏன் அங்கே போடவேண்டும் என்று தெரிந்தவர்கள் சிலர்தான். அதனாலேயே என் முதலாளிக்கு அதில் பயம் இருந்தது. பயத்தை அவர் பயம் என்று சொல்லமாட்டார். ஷரத்து என்பார்.

"நாம வரையறது ரூபம்" என்பார். "எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், வாசல் எங்கே, ஜன்னல் எங்கே. அதை நிக்க வைக்கறது கட்டறவன் பாடு. கம்பி டிசைன் அவன் பொறுப்புன்னு படத்துலேயே எழுதிப்பிடணும். அவன் அனுப்பறதை நாம பார்ப்போம். ஒத்துக்கறோம்னு சொல்லவே கூடாது, கேட்டியா?"

இதற்காக ஒரு ரப்பர் முத்திரை செய்துவைத்திருந்தார். ‘பார்க்கப்பட்டது’ என்று மட்டும் அதில் ஆங்கிலத்தில் இருக்கும். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று இராது. அந்த வித்தியாசத்தை அவர் எனக்கு விளக்கியபோது மிகுந்த சாமர்த்தியமாகத் தோன்றியது. வருஷா வருஷம் அதே முத்திரையைக் குத்திக் குத்தி, பார்ப்பதற்கும் பொறுப்பேற்பதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது.

ரயில் தம்பானூர் வரைக்கும் வந்த பிறகு ஸ்டேஷனைச் சுற்றி லாட்ஜுகள் முளைக்கத் தொடங்கின. சாலைக் கடைவீதியில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்த ஒருவர், திருநெல்வேலிக்காரர், தானும் ஒன்று கட்டவேண்டுமென்று எங்களிடம் வந்தார். மூன்று நிலை. இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்து நாலரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி; அதன் கீழே தூணே கூடாது, வண்டிகள் வந்து நிற்கவேண்டும். உள்ளே தரையெல்லாம் மரப்பலகை. பால்கனி மட்டும் கம்பிக் கான்கிரீட். படத்தை நான்தான் வரைந்தேன். கீழ் மூலையில் வழக்கமான ஷரத்தையும் என் கையாலேயே எழுதினேன்.

கட்டுவதற்கு வந்த கான்ட்ராக்டர் விளவங்கோடு பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயசிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டி கசங்காமல் வேலையிடத்துக்கு வருவார். பாலம் கட்டுகிற இடங்களில் பல வருஷம் நின்று கான்கிரீட் கற்றவர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். படத்தை எடுத்துக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"சாரே, இது வெளிய நீட்டிக்கிட்டு நிக்குத சாதனம். உள்ள தரை மரம். பொறவு இதோட வால யாரு பிடிப்பா?"

"அதைத்தான் நீங்க டிசைன் பண்ணி அனுப்பணும். ஷரத்துல இருக்கே."

"ஷரத்து பாத்தேன். கம்பி நான் போடுவேன் சாரே, அது எனக்கத் தொழிலு. ஆனா அதுக்கு மேல என்ன வருது, எவ்வளவு பாரம்னு உங்க படம்லா சொல்லணும்? ஒரே சாதனத்த ரெண்டா முறிச்சு, பாதி நீங்க, பாதி நான்னு வச்சா, முறிச்ச எடத்த யாரு பாக்கது?"

எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. "படம் இருக்கு. அதைப் பார்த்துப் பண்ணுங்கோ" என்றேன். அவர் "செரி" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

பத்து நாளில் அவருடைய படம் வந்தது, இரண்டு பிரதி. வரைபடக்காரர் ஒருவரைப் பிடித்து மையில் போட்டிருந்தார். கம்பிகள் மேல்பக்கம் ஓடின. சுவருக்குள் போய்க் கீழே மடங்கின. நன்றாகவே இருந்தது. இரண்டிலும் அடியில் பென்சிலால், அவர் கையெழுத்திலேயே, தமிழில் ஒரு வரி இருந்தது: ‘மேல ஒண்ணரைக் கல்லு செவரு வந்தாத்தான் இது நிக்கும்.’ அவர் செய்திருந்த ஏற்பாடு அதுதான். பால்கனியின் வால் சுவருக்குள் இருக்கும்; அதன்மேல் இரண்டாம் மாடியின் முன்சுவர், ஒன்றரைச் செங்கல் கனத்தில், உட்கார்ந்து அதை அழுத்திப் பிடிக்கும். என் படத்தில் அந்தச் சுவர் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் கணக்குப் பண்ணியிருந்தார்.

அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். ஆங்கிலத்தில் தலைப்புப் போட்ட படத்தின் அடியில் ‘செவரு’ என்று எழுதியிருந்ததுதான் சிரிப்புக்குக் காரணம். இரண்டு பிரதியிலும் முத்திரை குத்தி, என் இனிஷியலைப் போட்டு, ஒன்றை அவருக்குத் திருப்பி அனுப்பினேன். மற்றதைக் கோப்பில் வைத்தேன்.

சுவர்கள் முதல் மாடி உயரத்துக்கு வந்துகொண்டிருந்தன. வியாபாரி எங்கோ வெளியூர் போய்விட்டு வந்தவர், நேரே ஆபீஸுக்கு ஏறி வந்தார். போன ஊரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தாராம். முன்பக்கம் முழுக்க ஜன்னலாம்.

"காத்து வரணும் சார். ரயில விட்டு எறங்குதவன் நிமிந்து பாத்தான்னா கண்ணாடியாத் தெரியணும். அந்த மொட்டச் செவரு எதுக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அப்போதே பென்சிலை எடுத்துவிட்டேன். இரண்டாம் மாடியின் முன்சுவரை எடுத்துவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தேக்குச் சட்டத்தில் ஜன்னல்களைப் போட்டேன். இரண்டு ஓரத்திலும் மட்டும் செங்கல். அந்தப் படத்தை வரைந்த இரண்டு நாளும் எனக்கு உற்சாகமாக இருந்தது, அழகான முகப்பு. ‘முகப்பில் திருத்தம்’ என்று ஒரு கடிதத்தை மேலே வைத்துக் கான்ட்ராக்டருக்கு அனுப்பினோம்.

வரையும்போது அந்தப் பென்சில் வரி நினைவுக்கு வந்ததா என்று பின்னால் எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. வந்தது. சுவரின் கோட்டை ரப்பரால் அழிக்கும்போதே வந்தது. ‘அது அவர் டிசைன், அவர் பார்த்துக்கொள்வார்’ என்று நினைத்தேன். நினைத்துவிட்டு ஜன்னல் சட்டத்தின் அளவுக்குப் போய்விட்டேன். கடிதத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த வரியை எழுதினால் பால்கனியின் கணக்கு எங்கள் பக்கம் வந்துவிடும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தேன்.

மீன மாசத்தில், பங்குனி வெயில் கொளுத்திய ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்குகிற நேரம், பால்கனி விழுந்தது. அடியில் தாங்கியிருந்த முட்டுகளைப் பிரித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அதுவரை நின்றதற்குக் காரணம் அதன்மேல் பாரமில்லாததுதான். அன்று காலையில் கூரைக்கான ஓடுகளை அதன்மேல் அடுக்கியிருந்தார்கள். வியாபாரியின் குமாஸ்தா சைக்கிளில் வந்து மாடிப்படியில் நின்றபடியே கத்தினார். நான் ஓடினேன்.

பால்கனி உடையவில்லை. அப்படியே குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. வால் பக்கம் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, நாலு வரிசைக் கல்லையும் ஒரு ஜன்னல் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. கம்பி ஒன்றுகூட அறவில்லை. அதைப் பார்த்த மாத்திரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே நின்றவர்களில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் கான்ட்ராக்டர். அவர் தரையில் உட்கார்ந்து, சித்தாள் ஒருத்தியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாமென்று அவள் பால்கனிக்கு அடியில் போயிருக்கிறாள். அவளுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே, நான் இங்கே எழுத விரும்பாத நிலையில் இருந்தது.

கான்ட்ராக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாரே, அந்த ஜன்னலு..." என்றார்.  நான் ஒன்றும் கேட்காதவன் போல வண்டி கூப்பிடப் போனேன்.

அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டதும் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். நான் போகவில்லை. ஆபீஸுக்கு வந்தேன். யாரும் இல்லை, முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். கோப்பைப் பிரித்து, பென்சில் வரியிருந்த எங்கள் பிரதியை எடுத்து, நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதலாளிக்கு அந்த வரியைப் பற்றியே தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாமலே போனார். இதை முழுக்க முழுக்க நானாகவே செய்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனது ஞாபகமிருக்கிறது. பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் படுத்திருந்தாள். முப்பது வயசுகூட இராது. காலை எடுத்துவிட்டார்கள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"கான்ட்ராக்டரு கம்பி குறைச்சுப் போட்டாருன்னு எல்லாரும் பறையுதாவ. சத்தியமா சாரே? எங்க ஊருக்காரரு. நல்ல மனுசன்னு நெனச்சுத்தான் கூட வந்தேன்" என்றாள்.

அங்கே ஒரே ஒரு வார்த்தை போதும். ‘இல்லை’ என்றால் போதும். நான் பழங்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஒடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

வழக்குக்குப் போகவேண்டாம் என்று மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து ஒரு மூத்த எஞ்சினியரை மத்தியஸ்தராக வரவழைத்தார்கள். வியாபாரியின் கடைக்குப் பின்னால், சரக்கு அடுக்கும் கிட்டங்கியை ஒட்டிய அறையில், ஒரு காலைநேரம் உட்கார்ந்தோம். மத்தியஸ்தர் மெலிந்த மனிதர். காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோரும் உரக்கப் பேசவேண்டியிருந்தது. நான் சொன்ன பொய்யையும் உரக்கவே சொல்லவேண்டி வந்தது.

முதலாளி ஷரத்தைப் படித்துக் காட்டினார். கம்பி வேலையின் டிசைன் கான்ட்ராக்டரைச் சேர்ந்தது. ஆபீஸ் பார்ப்பது முகப்புக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும். ஓடு அடுக்கியதும் கான்ட்ராக்டரின் ஆட்கள்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை.

கான்ட்ராக்டர் எழுந்து நின்று, தன்னிடம் இருந்த பிரதியை மேஜைமேல் விரித்தார். விரலைப் பென்சில் வரியின்மேல் வைத்தார்.

"நான் எழுதியிருக்கேன் ஐயா. மேல செவரு வேணும்னு எழுதித்தான் அனுப்பினேன். செவர மாத்தினது அவிய. அந்தச் செவருலதான் இது நிக்குதுன்னு அவியளுக்குத் தெரியும்."

மத்தியஸ்தர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "மற்றதெல்லாம் மை. இது மட்டும் ஏன் பென்சில்?"

"வரைஞ்சது வேற ஆளு. இது நான் எழுதினது."

"எப்ப எழுதினது?"

"அனுப்பதுக்கு முந்தி, ஐயா."

மத்தியஸ்தர் என் பக்கம் திரும்பினார். முத்திரையின் கீழே என் இனிஷியல் இருந்ததே. "நீங்க இதைப் பார்த்தபோது இந்த வரி இருந்ததா?" என்று கேட்டார்.

"ஞாபகமில்லை" என்றேன்.

"என்ன?"

"ஞாபகமில்லை, சார்!" என்று கத்தினேன்.

"ஆபீஸ் பிரதி?"

"கோப்பில் காணவில்லை. தேடிப் பார்த்தோம்" என்றேன்.

கான்ட்ராக்டர் என்னைத் திட்டவில்லை. நான் அதை எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவர் படத்தை மெதுவாக மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது. மறுபடி பிரித்து நேராக மடித்தார். அதற்குள் மத்தியஸ்தர் எழுதத் தொடங்கிவிட்டார். பென்சில் வரியைப் பின்னால்கூடச் சேர்த்திருக்கலாம், டிசைன் கான்ட்ராக்டருடையது, திருத்தப் படம் கைக்கு வந்த பிறகும் அவர் தன் டிசைனை மாற்றவில்லை, ஆகையால் பொறுப்பு அவருடையது. வெளியே வரும்போது முதலாளி என் தோளில் தட்டினார். "பார்த்தியா? ஒரு ஷரத்து நம்மளைக் காப்பாத்தித்து" என்றார்.

மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் அந்தப் பிரதியைப் போட்டேன். அது காகிதம் இல்லை, படம் வரைகிற துணி; சீக்கிரம் எரியவில்லை. வாடை சமையலறை வரைக்கும் போயிற்று.

"ஏன்னா, என்னத்தை எரிக்கறேள்?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆபீஸ் காகிதம். வேண்டாதது."

"இந்த நாத்தத்துலயா குளிக்கப் போறேள்?" என்றாள். குளித்தேன்.

லாட்ஜை வேறொரு கான்ட்ராக்டர் முடித்தார். புதுப் பால்கனிக்கு இரும்பு உத்தரங்களைச் சுவருக்கு உள்ளே வெகுதூரம் கொண்டுபோய்ப் பூட்டவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இந்தத் தடவை டிசைனை ஆபீஸே செய்யட்டும் என்று வியாபாரி பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் கணக்கை நான் போட்டேன். மத்தியானம் உட்கார்ந்தேன், விளக்கேற்றுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு அரைநாள் வேலை. முதலிலேயே அந்த அரைநாள் நான் உட்கார்ந்திருக்கலாம்.

விளவங்கோட்டுக்காரருக்கு அதன்பிறகு இந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை என்று காதில் விழுந்தது. நான் விசாரிக்கவில்லை. முதலாளி காலமானார். ஆபீஸை நானே நடத்த ஆரம்பித்தேன். ரப்பர் முத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். எறியவில்லை. ரொம்ப நாள் அதையே வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன்.

யுத்த காலத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காரர்கள், மலைச்சரிவில் ஒரு தடுப்புச் சுவருக்கும் கூலியாட்கள் குடியிருக்கும் லயன்களுக்கும் படம் கேட்டார்கள். வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது பார்த்துவரப் பொன்முடிக்குப் போனேன். எஸ்டேட் லாரி வளைவு வளைவாக ஏறியது. மேலே மூடுபனி. தடுப்புச் சுவருக்கு அருகே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் கல்லை அளந்துகொண்டிருந்தார். திரும்பினார். விளவங்கோட்டுக்காரர்தான். மீசை முழுக்க நரைத்திருந்தது. எஸ்டேட் கான்ட்ராக்டர் ஒருவருக்குக் கீழே மேற்பார்வை ஆளாக இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"வாருங்க சாரே" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலையைத்தான் பேசினார். "இந்தச் செவருக்குப் பொறத்தால தண்ணி போகதுக்கு உங்க படத்துல வழியில்ல. மழைக்காலத்துல தண்ணி கெட்டி நின்னா தள்ளிப்போடும். அது நீங்க சொல்லணுமா, நாங்க பாத்து வைக்கணுமா?"

"நான் சொல்லணும். விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல, எத்தனை அடிக்கு ஒரு துளை, பின்னால் எவ்வளவு சரளைக்கல் என்று மையில் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "சாரு இதுல ஒப்பு போடட்டு. நீங்க கண்டதுக்கு நீங்களும் போடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டேன். பேனா அவருடையது. கூர்மையான நிப்பு, காகிதத்தைக் கீறியது. என்னிடம் வேலை பேசுகிறவர்களில் இவருக்கு மட்டும் சாட்சி வேண்டியிருந்தது.

லாரி கிளம்ப இன்னும் நேரமிருந்தது. அவரோடு ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினேன். சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. வரி இருந்ததையும், படித்ததையும், சிரித்ததையும், பிரதியை எடுத்ததையும், எரித்ததையும் சொன்னேன். நடந்துகொண்டே கேட்டார். ஒரு வளைவில் நின்றார்.

"எரிச்சிட்டியளா?" என்றார். அது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "மத்தது எனக்கு அண்ணைக்கே தெரியும். கத்திச் சொன்னியளே, ஞாபகமில்லன்னு. ஞாபகமில்லாதவன் அப்பிடிக் கத்த மாட்டான்."



பிறகு அவரே சொன்னார்: "ஆனா நானும் ஒண்ணு சொல்லுதேன். ஜன்னல் சட்டம் வந்து எறங்கினப்ப நான்தான் நின்னு எறக்கினேன். செவரு இல்லயேன்னு எனக்கும் தோணிச்சு. ஆபீஸ்ல படிச்சவிய மாத்தியிருக்காவ, யோசிக்காமலா மாத்துவாவ, கேட்டா பழையபடி ‘படத்தப் பாரு’ம்பாவன்னு விட்டுட்டேன். ஒரு நடை வந்து கேட்டிருக்கலாம். கேக்கல்ல."

அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது; மூச்சு லேசானது. இவரும் பார்த்திருக்கிறார், இவரும் விட்டிருக்கிறார், அப்படியானால் எல்லாம் நான் மட்டும் இல்லை. ஊரும் பேரும் தொழிலும் என்னால் போன ஒரு மனுஷன், தன் மனசாட்சிக்காக ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறார். நான் அதை வாங்கிச் சந்தோஷப்படுகிறேன். அந்தச் சந்தோஷம் என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவர் பார்வையை எடுத்துக்கொண்டார். கேட்காமல் விட்டதற்கு அவர் கொடுத்தது இத்தனை வருஷம். நான் கொடுத்தது ஒன்றுமே இல்லை. முன்னே அவர்முன் பொய் சொன்னதைவிட அன்று லேசாக மூச்சு விட்டதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"அந்தப் பொம்பளை?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுப் பக்கத்துலதான். அவளுக்கு வேண்டத நாங்க பாத்துக்கிடுதோம். எங்கிட்ட ரெண்டு வருசம் பேசல்ல. இப்ப பேசுவா."

"நான் எழுதித் தரேன். நடந்ததை முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"யாருக்குக் காட்டதுக்கு? அந்தப் பெரியவரும் போயாச்சு." மத்தியஸ்தரைச் சொன்னார். "எங்கிட்ட எதுக்குச் சாரே சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவியகிட்டல்லா சொல்லணும்?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் கைகூப்பவில்லை, "தண்ணி வழி நாளைக்கே வச்சிருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அந்தப் பெண்ணுக்கு அவரே சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டால், தெரியாதவர்களில் ஒருவர் மிச்சமிருந்தார்: சாலைக் கடைவீதி வியாபாரி. ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே அவரைப் பார்க்கப் போனேன். ரொம்ப மூப்பாகிவிட்டார்; ஆனாலும் கடைக்கு வந்து மெத்தையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மலர்ந்துபோய், பக்கத்து ஹோட்டலிலிருந்து காப்பி வாங்கிவரச் சொன்னார். லாட்ஜ் நன்றாக நடக்கிறதாம். முகப்பைப் பார்த்து எல்லோரும் யார் வரைந்தது என்று கேட்கிறார்களாம்.

"அந்தப் பழைய கான்ட்ராக்டரைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"அவனா! இப்பவும் எங்கிட்ட வேலைக்குன்னு எவன் வந்தாலும் அவன் கதையத்தான் சொல்லுவேன். கம்பியத் திருடினா கடைசியில எங்க கொண்டுபோய் விடும் பாருன்னு."

"அவர் திருடலை. ஒரு கம்பிகூடக் குறையலை. நான் விழுந்ததைப் பார்த்தேனே. கம்பியெல்லாம் சரியாத்தான் இருந்தது."

கிழவர் என்னை உற்றுப் பார்த்தார். அடுத்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. சுவரை எடுத்தது நான், கான்ட்ராக்டர் எழுதியது எனக்குத் தெரியும் என்று இரண்டே சொல். அதற்குள் அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"உங்களுக்கு என்ன மனசு சார்! உங்க ஆபீஸ் பேரையே கெடுக்கப் பாத்தான் அவன். அவனுக்காக இத்தன வருசம் கழிச்சு வந்து பேசுதிய. இப்படி ஒரு மனுசன நான் பாத்ததில்ல."

அதே சமயம் காப்பி வந்தது. பையன் டம்ளரை எனக்கு முன்னால் வைத்தான். வியாபாரி கடையிலிருந்த இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, இவர் யார் தெரியுமா என்று என்னைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் மரியாதையாக நின்று கேட்டார்கள். இடையில் புகுந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுவதற்குள் காப்பியைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.